தணுப்பு

உப்புநீர்த் தொட்டி: மைனஸ் பதினொன்று.
அமோனியா அழுத்தம்: சரி.
மோட்டார் சூடு: கொஞ்சம் கூடுதல்.
டிசம்பர் இருபத்தெட்டு, இரவு ஒன்றரை.
எழுதியவர்: வ. ததேயுஸ்.

குளச்சலில் குளிர் என்று ஒன்று உண்டென்றால்
அது இந்த ஐஸ் பிளாண்டுக்குள் உண்டு.
வாசலைத் தாண்டினால் சட்டை முதுகில் ஒட்டும்.
ஆனாலும் கஸ்பார் முதலாளி
காதுவரை மப்ளர் சுற்றி வந்து
'என்ன தணுப்புடே இது' என்று நடுங்கிவிட்டுப் போனார்,
இருபத்திரண்டு டிகிரியில்.

பெல்சி கூப்பிடுகிறாள்.
அங்கே இன்னும் நேற்று முற்பகல்.
சூரியன் இப்போதுதான் கேறி வந்ததாம்,
சாயங்காலத்துக்குக் காத்திருக்காதாம்.
அவள் நர்ஸாக இருக்கும் ஊரின் பெயர்
என் நாக்கில் இன்னும் முழுசாய்ப் புரளவில்லை.
அமெரிக்காவோடு ஒட்டாமல்
மேலே தனியாகக் கிடக்கும் அமெரிக்கா அது.

அவர்கள் கணக்கு ஃபாரன்ஹீட்.
நான் முப்பது என்றால் வேர்வை;
அவள் முப்பது என்றால் பனிக்கட்டி.
முப்பத்திரண்டைக் கழி, ஐந்தால் பெருக்கு, ஒன்பதால் வகு.
மூன்று வருடமாய் இப்படித்தான்
கழித்தும் வகுத்தும் குடும்பம் நடக்கிறது.

போன மாதம் ஒரு வீடியோ அனுப்பினாள்:
உறைந்த கடலின்மேல் லாரி ஓடுகிறது.
துறைமுகத்தில் காட்டினேன்.
கரைமடிக்காரர் நாலுபேர் எட்டிப் பார்த்தார்கள்.
'அப்போ மீனு?'
'அடியில கிடக்கும்.'
'ஐஸுக்குக் காசு குடுக்காண்டாம். குடுத்து வச்சவனுவ'
என்று சிலுவைப்பிச்சை பீடியைத் தேடினான்.

இன்று அவள் குரலில் வேறொரு அவசரம்.
ஆஸ்பத்திரி நடைவழியில்
கண்ணாடிச் சட்டம் போட்ட பழைய செய்தித்தாள் உண்டாம்:
மைனஸ் அறுபத்தொன்று.
பதினேழு நாள் பள்ளிக்கூடம் இல்லை.
மரங்கள் ராத்திரி துப்பாக்கிபோல் வெடித்தன.
சவப்பெட்டி செய்தார்கள், குழி தோண்ட முடியவில்லை;
செத்தவர்கள் விறகுக் கொட்டகையில்
வசந்தம்வரை வரிசை நின்றார்கள்.
அந்த வருசத்தைத் தாண்டுமா இந்த வருசம் என்று
கேன்டீனில் பந்தயம் கட்டுகிறார்களாம்.
பெல்சியும் பத்து டாலர் வைத்திருக்கிறாள்.
எந்தப் பக்கம் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள்.

'பாதரசமே கட்டியாயிரும் கேட்டியளா,
சாராயம் ஊத்துன மானிதான் இங்க வேல செய்யும்.'
எனக்கு அப்பனின் ஓர்மை வந்தது.
சொல்லவில்லை.

'சரி, இப்போ எவ்வளவு?'
'மைனஸ் நாப்பது.'

கழிக்கத் தொடங்கினேன்.
நாற்பதும் முப்பத்திரண்டும் எழுபத்திரண்டு,
ஐந்தால் பெருக்க முந்நூற்றறுபது,
ஒன்பதால் வகுக்க
நாற்பது.
தப்பு என்று நினைத்து
பனிக்கட்டி கேனின் ஈரப் புறத்தில்
விரலால் மறுபடி எழுதினேன்.
நாற்பது.

'பெல்சி, இது ரெண்டும் ஒண்ணுடி.'
'எது?'
'உனக்க நாப்பதும் எனக்க நாப்பதும்.'
அந்தப் பக்கம் சத்தமில்லை.
கம்பளிக்கு உள்ளே மூச்சு மட்டும்
ரம்பம்போல் அறுத்தது.
'அதுக்கு இவ்வளவு தூரம் எறங்கணுமா' என்றாள்.
சிரித்தாளா என்று தெரியும் முன்
கரண்டு போய்விட்டது.

ஜெனரேட்டருக்கு ஓடி,
டீசல் வால்வு திறந்து,
கம்ப்ரசர் மூச்சுப் பிடிக்கும்வரை நின்றேன்.
திரும்பி வந்தபோது போன் அணைந்திருந்தது.
தொட்டி ஒரு டிகிரி ஏறியிருந்தது.
நாலு மணிக்கு விசைப்படகுக்கு அறுபது கட்டி கேட்டிருக்கிறார்கள்.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்,
'வெளி வெப்பநிலை',
இந்தப் பிளாண்டு திறந்த நாள் முதல்
ஒருவரும் நிரப்பாத கட்டம்.
பேனாவை உதறி
மைனஸ் நாற்பது என்று எழுதினேன்.
பக்கத்தில் எந்த எழுத்தும் போடவில்லை.